ஆதரவு முடிந்த விண்டோஸ் 10, அதிருப்தி தரும் விண்டோஸ் 11: பழைய கணினி வைத்திருப்போர் முன் உள்ள வழிகள் என்ன?

புதுடெல்லி: பத்தாண்டுகளாக உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை இயக்கிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதற்கு மாற்றாக அந்நிறுவனம் முன்வைக்கும் விண்டோஸ் 11, வெளியாகி நான்கு ஆண்டுகள் கடந்த பின்னரும் பயனர்களில் ஒரு பகுதியினரின் அதிருப்தியிலிருந்து மீளவில்லை. நன்றாக இயங்கும் கணினியைக் கைவிடுவதா, விரும்பாத மாற்றத்தை ஏற்பதா, வேறு இயங்குதளத்திற்குச் செல்வதா என்ற கேள்வி, ஒரே கணினியைப் பல ஆண்டுகள் நம்பித் தொழில் நடத்தும் இந்தியச் சிறு வணிகர்களையும் பள்ளிகளையும் நேரடியாகத் தொடுகிறது.

அதிருப்தி தொடங்கிய இடம்:

விண்டோஸ் 11 இயங்குதளம் 2021 அக்டோபர் 5 அன்று வெளியானது. திரையின் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு நகர்ந்தது. இதைப் பழைய இடத்திற்கே மாற்றிக்கொள்ள வழி இருந்ததால் அது பெரிய சிக்கலாகவில்லை. ஆனால், டாஸ்க்பாரைத் திரையின் மேற்புறத்திற்கோ பக்கவாட்டிற்கோ நகர்த்தும் வசதி வெளியீட்டின்போது நீக்கப்பட்டிருந்தது. கோப்புகளை இழுத்து வந்து டாஸ்க்பாரில் விடும் வசதியும், திறந்திருக்கும் சாளரங்களைப் பெயருடன் தனித்தனியே காட்டும் வசதியும் காணாமல் போயின. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் தோன்றும் பட்டியல் சுருக்கப்பட்டு, பழைய கட்டளைகள் மற்றொரு கிளிக்கிற்குப் பின்னால் தள்ளப்பட்டன.

ஒரு நாளில் நூறு முறை செய்யும் வேலைக்கு ஒரு கிளிக் கூடினால், அது அழகியல் சார்ந்த குறையாக இருப்பதில்லை. வேலை நேரம் சார்ந்த குறையாகிறது. இழுத்து விடும் வசதி 2022ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலும், சாளரங்களைத் தனித்தனியே காட்டும் வசதி 2023ஆம் ஆண்டிலும் திரும்பி வந்தன. பயனர்களின் முறையீடு வெறும் பழக்கத்தின் பிடிவாதம் அல்ல என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இது புதிய அனுபவமும் அல்ல. 2012இல் வெளியான விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே அகற்றியது. தொடுதிரைக்காக வடிவமைக்கப்பட்ட அந்த முகப்பு, மவுஸும் விசைப்பலகையும் கொண்டு வேலை செய்வோருக்குப் பொருந்தவில்லை. மறு ஆண்டே விண்டோஸ் 8.1 வழியாகப் பொத்தான் திரும்பியது. 2015இல் வந்த விண்டோஸ் 10, ஸ்டார்ட் மெனுவை முழுமையாக மீட்டளித்தது.

தோற்றத்தைத் தாண்டிய கேள்வி:

பொத்தான்களின் இடம் மாறுவது சில வாரங்களில் பழகிவிடும். விண்டோஸ் 11 மீதான அதிருப்தி நீடிப்பதற்குக் காரணம் வேறு. இயங்குதளத்தை முதன்முறை நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கட்டாயம் என்ற விதி முதலில் ஹோம் பதிப்பிலும், பின்னர் தனிநபர் பயன்பாட்டிற்கான ப்ரோ பதிப்பிலும் கொண்டுவரப்பட்டது. இதைத் தவிர்க்கப் பயனர்கள் கையாண்ட குறுக்குவழிகளையும் நிறுவனம் 2025இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து நீக்கத் தொடங்கியது. 2024 ஏப்ரலில், ஸ்டார்ட் மெனுவின் பரிந்துரைப் பகுதியில் செயலிகளுக்கான விளம்பரங்கள் தோன்றின. அவற்றை அமைப்புகளில் சென்று நிறுத்தலாம் என்றாலும், பணம் கொடுத்து வாங்கிய பொருளில் விளம்பரம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது.

அடுத்த மாதமே 'ரீகால்' வசதி அறிவிக்கப்பட்டது. பயனர் பார்ப்பதைச் சிறு இடைவெளிகளில் படமாகச் சேமித்து, பின்னர் தேடித் தரும் இவ்வசதி குறித்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் கடும் கவலை தெரிவித்தனர். இதையடுத்து வெளியீடு ஒத்திவைக்கப்பட்டது. பயனர் தாமே இயக்கினால் மட்டும் செயல்படும் வகையில் மாற்றப்பட்டு, குறிப்பிட்ட வகைப் புதிய கணினிகளுக்கு மட்டும் 2025 ஏப்ரலில் அது வழங்கப்பட்டது.

2025 நவம்பரில், விண்டோஸ் பிரிவின் தலைவரும் சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவருமான பவன் தவுலூரி, செயற்கை நுண்ணறிவு முகவர்களைக் கொண்ட இயங்குதளமாக விண்டோஸ் வளர்ந்து வருவதாகச் சமூக ஊடகத்தில் பதிவிட்டபோது எதிர்ப்புக் குரல்களே மிகுந்தன. புதியவற்றைச் சேர்ப்பதற்கு முன் இருப்பவற்றைச் சரிசெய்யுங்கள் என்பதே அந்த எதிர்ப்பின் சாரம். வாங்கிய கணினியில் என்ன இயங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உரிமையாளரா, நிறுவனமா என்பதுதான் இங்கு உண்மையான வழக்கு.

கணினி நலம், ஆனால் தகுதி இல்லை:

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றுடன் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் தேவை. தரவுகளைப் பூட்டும் மறைகுறியீட்டுச் சாவிகளை வன்பொருள் அளவிலேயே காப்பது இதன் பணி. இன்டெல் எனில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி இருக்க வேண்டும். அதாவது, 2017ஆம் ஆண்டிற்கு முன் தயாரான பெரும்பாலான கணினிகள், வேகமாக இயங்கினாலும் தகுதி பெறா. பாதுகாப்பை முன்னிட்டே இந்நிபந்தனைகள் என்று மைக்ரோசாப்ட் விளக்குகிறது.

அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், இதன் விலையை யார் ஏற்பது என்பதே சிக்கல். விண்டோஸ் 10 ஆதரவு முடிவதால் சுமார் 24 கோடி கணினிகள் மின்னணுக் கழிவாக மாறக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவில், பழைய கணினிகள் இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு மாறி நெடுநாள் உழைப்பது வழக்கம். அந்தச் சங்கிலியை ஒரு மென்பொருள் நிபந்தனை இடையிலேயே அறுக்கிறது.

பழையதிலேயே தொடர்ந்தால்?

ஆதரவு முடிந்ததால் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படா. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை தாக்குதல், புதுப்பிக்கப்படாத விண்டோஸ் கணினிகளையே குறிவைத்தது. கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகங்களும் மேற்கு வங்க மின் விநியோக அலுவலகங்களும் அதில் பாதிக்கப்பட்டன. அத்தாக்குதலைத் தடுக்கும் புதுப்பிப்பு இரு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்காக 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வழங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. தனிநபர்கள் 30 டாலர் அல்லது அதற்கு நிகரான உள்ளூர்த் தொகை செலுத்தலாம். அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்குடன் ஒத்திசைத்துக் கட்டணமின்றியும் பெறலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில், நுகர்வோர் அமைப்புகளின் அழுத்தத்திற்குப் பின் இந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. இந்தியப் பயனர்களுக்கு அத்தகைய தளர்வு அறிவிக்கப்படவில்லை. நிறுவனங்களுக்கோ முதலாண்டுக் கட்டணம் கணினி ஒன்றுக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இருமடங்காகும்.

மாற்று இயங்குதளங்கள்:

பழைய கணினிகளுக்கு உயிரூட்டும் வழியாக லினக்ஸ் முன்வைக்கப்படுகிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை கட்டணமற்றவை. இவற்றை யுஎஸ்பி டிரைவிலிருந்தே இயக்கி, கணினியில் எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்க்கலாம். மின்டின் தோற்றம் பழைய விண்டோஸை ஒத்திருப்பதால் புதியவர்கள் தடுமாறுவது குறைவு. தமிழ்99 விசைப்பலகையிலும் தட்டச்சு செய்யலாம். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே நாளில் ஸோரின் ஓஎஸ் தனது 18ஆம் பதிப்பை வெளியிட்டது தற்செயல் அல்ல. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ், இணையத்திலேயே முழு வேலையும் முடிப்போருக்குப் பொருந்தும்.

ஆப்பிளின் மேக்ஓஎஸ் தேவையெனில் புதிய கணினியே வாங்க வேண்டும். அங்கும் நிலைமை அமைதியாக இல்லை. 2025 செப்டம்பரில் வந்த 'டஹோ' பதிப்பின் கண்ணாடி போன்ற தோற்றம் எழுத்துகளைப் படிக்கத் தடையாக உள்ளதாக விமர்சிக்கப்பட்டது. இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளுக்கு அதுவே இறுதிப் பதிப்பு என்றும் ஆப்பிள் அறிவித்துள்ளது.

இந்தியாவில் தடை எங்கே?

இந்தியச் சிறு வணிகருக்கு லினக்ஸின் தோற்றம் தடையல்ல. அவரது மென்பொருளே தடை. கணக்கு எழுதப் பரவலாகப் பயன்படும் டேலி, விண்டோஸுக்காக உருவாக்கப்பட்டது. ஜிஎஸ்டி தாக்கலுக்கான இணையமில்லாச் செயலியும் விண்டோஸையே எதிர்பார்க்கிறது. அச்சகங்களும் வடிவமைப்புக் கடைகளும் நம்பியிருக்கும் போட்டோஷாப், கோரல்ட்ரா ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. பழைய பிரிண்டரும் கைரேகைக் கருவியும் இயங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அரசு நிறுவனங்கள் இத்தடையைத் தாண்ட முயன்றுள்ளன. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் உள்ளது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா இயங்குதளத்தைத் தனது கணினிகளில் நிறுவ பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் முடிவு செய்தது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாக அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019இல் தெரிவித்தது.

கேரளத்தின் வெற்றிக்குக் காரணம், ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் இயங்குதளத்துடன் சேர்ந்தே மாறியதுதான். மாறாக, ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகம் பல ஆண்டுகள் உழைத்து லினக்ஸுக்கு மாறிய பின், 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்போது சுமார் 30,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி வருகிறது. நிறுவுவது ஒரு நாள் வேலை. அதைத் தாங்கி நிற்பதே நீண்ட வேலை என்பதை இவ்விரு அனுபவங்களும் காட்டுகின்றன.

முடிவெடுக்கும் முன்:

முதலில், கணினியில் டிபிஎம் கூறு இருந்தும் அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள் என்ற அளவில் பயன்படுத்துவோர் லினக்ஸைத் தயக்கமின்றிச் சோதிக்கலாம். விண்டோஸ் மென்பொருளையே நம்பியிருக்கும் வணிகர்கள், நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பைப் பெற்றுக்கொண்டு, அந்த அவகாசத்தில் மாற்றத்திற்குத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. எவ்வழியாயினும், கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்த பின்னரே தொடங்க வேண்டும்.

தனிநபரின் இந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு. வரி தாக்கல் போன்ற கட்டாயப் பணிகளுக்கான அரசுச் செயலிகள் எல்லா இயங்குதளங்களிலும் இயங்கும் நிலை உருவானால், குடிமக்களின் தேர்வு உண்மையிலேயே தேர்வாக இருக்கும். அதுவரை, ஸ்டார்ட் பொத்தான் எங்கே இருந்தாலும், அதை அழுத்துவதைத் தவிர பலருக்கு வேறு வழியில்லை.