காய்ச்சலின் நினைவு

கழுத்தில் எழுந்த கட்டியைப் பலமுறை அறுத்தும் அது திரும்பத் திரும்ப வளர்ந்த ஒருவருக்கு, அறுவைப் புண்ணில் கிருமி தொற்றிக் கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்திருந்தது. நியூயார்க் மருத்துவமனையொன்றின் பழைய பதிவேட்டில் உறங்கிக்கிடந்த இந்தக் குறிப்பை வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர் தேடியெடுத்ததற்குக் காரணம் ஒரு சாவு. பெஸ்ஸி டாஷீல் என்ற இளம்பெண்ணின் கையை அகற்றியும் எலும்பில் பற்றிய புற்றிலிருந்து அவளை அவரால் மீட்க முடியவில்லை. 1891 ஜனவரியில் அவள் இறந்தாள். அந்தத் துக்கத்தோடு ஏடுகளைப் புரட்டியவர், பிழைத்த மனிதரைக் குடியேறிகளின் நெரிசலான குடியிருப்புகளில் அலைந்து தேடி, ஆண்டுகள் பல கழிந்தும் அவர் நலமாயிருக்கக் கண்டார். அதே ஆண்டில், நோயாளிகளுக்குத் தாமே கிருமியைச் செலுத்திக் காய்ச்சலை வரவழைக்கத் துணிந்தார். சிலர் பிழைத்தார்கள், சிலரைக் கிருமியே கொண்டுபோயிற்று. பின்னர் உலகம் கதிர்வீச்சின் மீது நம்பிக்கை வைத்தது. 1936இல் கோலி மறைந்தார். அவர் நடந்த வழியில் புல் முளைத்தது.

அந்த மறதியின் நீளத்தை எண்ணும்போது மனம் கனக்கிறது. பயனற்ற எச்சம் என்று ஒதுக்கப்பட்டிருந்த தைமஸ் சுரப்பிதான் காய்ச்சலில் விழித்துக் கட்டியைத் தாக்கியிருக்கக்கூடிய நோய் எதிர்ப்புச் செல்களின் பள்ளிக்கூடம் என்று ஜாக் மில்லர் காட்ட 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே பயின்று வெளிவரும் டி செல்லுக்குப் புற்றை இனங்காணும் புதிய கண்ணைப் பொருத்தலாம் என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹார் நிறுவியது 1980களின் இறுதியில். அந்தக் கண்ணுக்கான மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துசெல்ல, பின்னர் எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸையே நச்சு நீக்கிப் பயன்படுத்தினார்கள். 2012இல் பிலடெல்பியாவில், இரத்தப் புற்று முற்றிய ஆறு வயது எமிலி ஒயிட்ஹெட்டின் டி செல்களைப் பிரித்தெடுத்து, திருத்தி, பெருக்கி, அவள் உடலுக்குள்ளேயே திருப்பி அனுப்பினார்கள். வந்தது காய்ச்சல், உயிரைக் குடிக்கவிருந்த காய்ச்சல். மூட்டுவாதத்துக்கான ஒரு மருந்து அதைத் தணித்தது, புற்றும் மறைந்தது. கோலியின் பதிவேட்டை அறிந்தவர்களுக்கு அந்தப் படுக்கையருகே ஒரு பழைய நிழல் தெரிந்திருக்கும்.

உடல் தன்னையே தாக்கத் துணியாது என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் நம்பினார். துணியும் என்பதை லூபஸ் நோயாளிகள் வலியால் அறிவார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் ஜியார்ஜ் ஷெட் குழுவினர், புற்றுக்கெனச் செய்த இதே ஆயுதத்தை லூபஸ் நோயாளிகளின் உடலையே பகைத்த பி செல்கள் மீது ஏவினார்கள். முதல் நோயாளியைப் பற்றி 2021இல் எழுதினார்கள். அழிந்த பி செல்கள் சில மாதங்களில் மீண்டும் பிறந்தன, பழைய பகையை மறந்தவையாக. மருத்துவத்தின் மறதி எத்தனையோ உயிர்களைப் பறித்திருக்கலாம். இங்கே மறதியே மருந்தாகிறது. நோயாளிகள் இன்னும் சிலரே, கண்காணித்த காலமும் குறைவு என்பதை நான் மறக்கவில்லை. நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளின் திடக்கட்டிகளும் பெரும்பாலும் இச்சிகிச்சைக்கு வசப்படவில்லை.

2017இல் அமெரிக்கா அனுமதித்த முதல் சிகிச்சையின் விலை அப்போது 4,75,000 டாலராக இருந்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கி 2023இல் இந்தியா அனுமதித்த சிகிச்சையின் விலை அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆயினும் நம்மில் பெரும்பாலோருக்கு அது வீடு விற்றாலும் எட்டாத தொகை. எட்டியவர்களுக்கோ அது நிலைத்திருக்கலாம்: பிலடெல்பியாவில் 2010இல் இச்சிகிச்சை பெற்ற இருவரின் இரத்தத்தில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தச் செல்கள் தம் பகைவனை மறக்காமல் உலவிக்கொண்டிருந்தன.