தரிசனத்திற்குப் பின் ஒரு வனநடை

சிட்னி நகருக்குத் தெற்கே, ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசப் பெருமாளைச் சேவிக்க வரும் குடும்பங்கள் பல, கோயில் உணவகத்தில் தோசை உண்டதும் காரை வீட்டுக்குத் திருப்பிவிடுகின்றன. அருகிலேயே விரிந்து கிடக்கிறது ராயல் தேசியப் பூங்கா. தாராவல் பழங்குடியினரின் தொன்னிலமான அவ்வனம் 1879-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அங்கே ஹேக்கிங் ஆற்றை ஒட்டிச் சுமார் 10 கிலோமீட்டர் செல்லும் லேடி கேரிங்டன் டிரைவ், பழைய குதிரைவண்டிப் பாதை. இன்று அதில் கார்கள் செல்வதில்லை, ஏற்றமும் குறைவு. முழங்கால் வலியுள்ள பாட்டியும் இயன்ற தொலைவு நடந்து திரும்பலாம். பிற பறவைகளின் குரலை அப்படியே ஒலிக்கும் லயர் பறவையைப் பேரப்பிள்ளைகள் தேடலாம். பண்டீனாவிலிருந்து ஆட்ஃபோர்டு வரையிலான 26 கிலோமீட்டர் கடலோரப் பாதையைச் சிறுவர்களோடு ஒரே நாளில் கடக்க முயல்வதோ வீண் வீம்பு.

1994 ஜனவரியில் மூண்ட காட்டுத்தீ இப்பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. ஆதலால் கோடையில் புறப்படுமுன் தீ எச்சரிக்கையையும், பூங்கா திறந்துள்ளதா என்பதையும் பார்த்தல் இன்றியமையாதது. கற்பூரமும் தீப்பெட்டியும் கோயிலோடு நிற்கட்டும். பள்ளத்தாக்கில் கைபேசி பல இடங்களில் பயன்படாது. எப்பாதையில் செல்கின்றனர், எப்போது திரும்புவர் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும்.