எண்ணியையும் சோதித்தல் வேண்டும்

தேவிகுளம், பீருமேடு போன்ற இடுக்கி மலைப்பகுதிகளில் மழைமானியைக் கவனித்து வருவோர் ஒரு விஷயத்தை நன்கறிவர். ஏட்டில் பூஜ்யம் என்று பதிவானால் மழை பெய்யாதிருந்திருக்கலாம். மானியின் புனலில் இலை அடைத்துக் கொண்டுமிருக்கலாம். எண்ணை மட்டும் நோக்குபவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் சர்வரின் கண்காணிப்பிலும் இதே ஐயம் எழுகின்றது. இது எங்கோ தொலைவிலுள்ள விஷயமன்று. கேரளத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பெற்ற மாவட்டங்களுள் பாலக்காடும் ஒன்று. சித்தூரிலோ உடும்பன்சோலையிலோ ஒரு மாணவன் பெறும் வருமானச் சான்றில் அதிகாரியின் கையொப்பம் டிஜிட்டல் முறையில் இடப்படுகின்றது. அது அவ்வதிகாரியுடையதே என்று உறுதி கூறுவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனமாகும். அவ்வுறுதி தளர்ந்தால் மாணவனின் உதவித்தொகையும் தடைப்படும்.

விநாடிக்கு வரும் வேண்டுகோள்கள் எத்தனை, தோல்வியுற்றவை எத்தனை, ஒன்றை முடிக்க எவ்வளவு நேரம் என்பனவற்றை அச்சர்வரிலுள்ள எண்ணிகள் காட்டும். ஆனால் சான்றிதழ் வழங்கும் பணி வேறு; அதனை எண்ணும் பகுதி வேறு. எண்ணும் பகுதி மட்டும் பழுதுற்றால், பணி நடைபெறும்போதே திரை வெறுமையாக இருக்கும். உடனே சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவது சிலருடைய வழக்கம். அது நோயறியாது மருந்திடுவதாகும். முதலில் சோதனைக்கென ஒரு சான்றிதழைக் கோரி, எண்ணி நகர்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் அந்த எண்ணைத் தரவுத்தளத்தோடும் நிகழ்ச்சிப் பதிவேட்டோடும் ஒப்பிடுதல் வேண்டும். ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் காலாவதியாகாமல் வெளியாகின்றதா என்பதும் காணத்தக்கது. பட்டியல் காலங்கடந்ததாயின், சர்வர் எத்துணை விரைவாக இயங்கினும் கையொப்பங்களைச் சரிபார்த்தல் தடைப்படக்கூடும்.

எண்ணிகள் செவ்வனே இயங்கினாலும் அவை காட்டாதனவும் உண்டு. 2014ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பிலிருந்து, கூகுள், யாஹூ நிறுவனங்களின் இணைய முகவரிகளுக்கு முறையற்ற சான்றிதழ்கள் வெளியாயின. ஜூலை 2ஆம் நாள் கூகுள் நிறுவனத்துக்கு இது தெரிய வந்தது. மறுநாள், சட்டப்படி இந்நிறுவனங்களை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். முதலில் தெரிவிக்கப்பட்ட போலிச் சான்றிதழ்கள் நான்கே. விநாடிக் கணக்கில் வேகத்தை அளக்கும் எண்ணியில் நான்கு சான்றிதழ்கள் எவ்வித அசைவையும் உண்டாக்கா.

ஆகவே வேகத்தை அளப்பது மட்டும் கண்காணிப்பு ஆகாது. வழங்கப்பெற்றவை எவை, யாருக்கு என்பதை வெளியிலிருந்தும் சரிபார்க்க இயலவேண்டும். இணையதளச் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேடுகளில் சேர்க்குமாறு குரோம் உலாவி 2018 முதல் வற்புறுத்துவது இக்கருத்துப் பற்றியே. வேலைப் பளுவினிடையே இச்சோதனைகளுக்கு நேரமில்லை என்பர். வாரம் ஒருமுறை புனலைத் துடைக்க நேரமில்லாதவர், பருவம் முழுவதும் எழுதிய ஏட்டை எதைக்கொண்டு மெய்யென்று நிறுவுவார்?