பொறுப்பு ஏற்பது யார்?

அரசியல் தலைவர் ஒருவர் போலீஸ் அதிகாரியிடம் குரலை உயர்த்திவிட்டால் போதும், அன்றைக்குப் பாறசாலை முதல் அமரவிளை வரை எந்தச் சாயாக்கடையிலும் வேறு பேச்சு எடுபடாது. ஒரு பெஞ்சில் இருப்பவர்கள், "பதவித் திமிரைப் பாரு" என்பார்கள். எதிர்ப் பெஞ்சில், "காக்கிச் சட்டைக்கு இவ்வளவு ஏத்தமா?" என்பார்கள். சாயா ஆறிப்போகும். வேலைக்கு நேரமாகும். ஆனால் அந்த இரண்டு பெரிய மனிதர்களும் நம்மிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்ற விஷயம் மட்டும் இரண்டு பெஞ்சிலும் பேச்சுக்கு வராது. இந்த மாதம் அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நம் எல்லைப்புற மக்கள் நேரில் அனுபவித்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம். 2018 நவம்பர் 21ஆம் தேதி, அப்போது மத்திய இணை அமைச்சராகவும் கன்னியாகுமரி எம்.பி.யாகவும் இருந்த பொன். ராதாகிருஷ்ணன் சபரிமலைக்குப் போகும் வழியில் நிலக்கல் வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு வெள்ளம் பம்பையில் வண்டி நிறுத்தும் இடங்களைச் சிதைத்துவிட்டிருந்தது. ஆகவே தனியார் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தி, பக்தர்களை அரசு பஸ்ஸில் பம்பைக்கு ஏற்றிவிட்டார்கள். செப்டம்பர் 28ஆம் தேதி வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் மலை முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 144 தடை உத்தரவும் இருந்தது. தனியார் வண்டிகளை ஏன் விடக்கூடாது என்று அமைச்சர் கேட்டார். பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த எஸ்.பி. யதீஷ் சந்திரா, வண்டிகளை விட்டு நெரிசல் ஏற்பட்டால் அதற்கு அமைச்சர் பொறுப்பு ஏற்பாரா என்று திருப்பிக் கேட்டார். உத்தரவு போடும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார் அமைச்சர். கூட இருந்த கட்சியின் மாநிலப் பொதுச்செயலாளர் ஏ. என். ராதாகிருஷ்ணன் அதிகாரியின் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார். காமிராக்கள் அத்தனையையும் பிடித்தன.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். கேரளத்தில் பெரும்பகுதி மக்கள் அந்த எஸ்.பி.யைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமோ, "நம்ம மந்திரியை மலையாளத்துப் போலீஸ் அவமானப்படுத்திவிட்டது" என்று கொந்தளிப்பு. பம்பையிலிருந்து திரும்பும்போது அமைச்சரோடு வந்த வண்டிகளில் ஒன்றைப் போலீசார் நிறுத்தி விசாரித்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. நவம்பர் 23ஆம் தேதி பாரதிய ஜனதா கட்சி குமரி மாவட்டத்தில் முழு அடைப்பு நடத்தியது. கேரள அரசு பஸ்கள் களியக்காவிளையோடு திரும்பின. காலையில் இந்தப் பக்கம் வந்து மாலையில் அந்தப் பக்கம் போகிற கொத்தனார், சித்தாள், மீன்கூடை சுமக்கும் தாய்மார், ஆக்ரிக்கடைத் தொழிலாளி ஆகியோரின் ஒருநாள் கூலி ஒரு மந்திரியின் மானத்துக்குக் காணிக்கையாகப் போயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 16ஆம் தேதிதான் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்து டெல்டாவின் தென்னைகளை வேரோடு சாய்த்திருந்தது. அவமானத்துக்கு ஒரு நாள் கடையடைத்தவர்கள் அந்தத் தென்னை விவசாயிக்காக அரை நாள் அடைத்திருந்தால் நாமும் கூடவே நின்றிருப்போம்.

நம் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். எஸ்.பி. கேட்டது நியாயமான கேள்வி. எழுத்தில் உத்தரவு தராமல் வாயால் மிரட்டி வேலை வாங்குவதும், பிறகு விபரீதம் நடந்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பதும் நம் நாட்டு அரசியல்வாதிகளின் நெடுநாள் வழக்கம். "பொறுப்பு ஏற்பீர்களா?" என்று ஒருவர் கேட்டதும் அந்த வழக்கம் திகைத்து நின்றதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கைதட்டினார்கள். தங்களால் கேட்க முடியாததை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியைக் காக்கிச் சட்டையைப் பார்த்து நாம் கேட்டிருக்கிறோமா?

கைதட்டு வாங்கிய அதே அதிகாரியின் கதையைப் பாருங்கள். 2015இல் அவர் எறணாகுளம் ரூரல் எஸ்.பி.யாக இருந்தபோது அங்கமாலியில் இடதுசாரித் தொண்டர்கள் மீது தடியடி நடந்தது. இடதுசாரிகள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். 2017 ஜூனில் புதுவைப்பின் எரிவாயு முனையத்தை எதிர்த்துக் குடும்பத்தோடு போராடிய கடற்கரை மக்கள் மீது தடி விழுந்தபோதும் கொச்சியில் துணைக் கமிஷனராக இருந்தவர் அவரே. 2018இல் அவர் வீரர். 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு வந்த புதிதில், கண்ணூர் எஸ்.பி.யாக இருந்த அவர் அழீக்கல்லில் ஒரு கடையருகே நின்றவர்களை நடுத்தெருவில் தோப்புக்கரணம் போட வைத்தார். அது தவறு என்று முதலமைச்சர் பினராயி விஜயனே சொன்னார், டி.ஜி.பி. விளக்கம் கேட்டார். ஒரே மனிதர், ஒரே தோரணை. எதிரே நின்றவர் மந்திரியா, கடைக்கு வந்தவரா என்பதுதான் வித்தியாசம். அன்று பொறுப்பைப் பற்றிக் கேட்டதற்குக் கொட்டிய கைதட்டலில் காலே அரைக்கால் பங்காவது, தோப்புக்கரணம் போட்டவர்களின் மானத்துக்காக எழுந்ததா?

இவ்வளவு தூரம் போவானேன், நம் நெய்யாற்றின்கரைக்கே வருவோம். நிலக்கல் சம்பவத்துக்குப் பதினாறு நாள் முன்பு, 2018 நவம்பர் 5ஆம் தேதி இரவு, கொடங்காவிளையில் ஒரு கார் நிறுத்திய தகராறில் நெய்யாற்றின்கரை டி.எஸ்.பி. ஓர் இளைஞரைப் பிடித்துத் தள்ள, ஓடிவந்த இன்னொரு கார் மோதி அந்த இளைஞர் மாண்டார். எலக்ட்ரீஷியன் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர் அவர். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் செய்த தாமதத்துக்காக இரண்டு போலீசார் சஸ்பெண்டு ஆனார்கள். டி.எஸ்.பி. தலைமறைவானார், 13ஆம் தேதி அவருடைய வீட்டில் பிணமாகக் கிடந்தார். அவர் மீதான வழக்கு அந்த அளவில் ஓய்ந்தது. இறந்தவரின் மனைவி நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த அதே நவம்பரில்தான் ஒரு போலீஸ் அதிகாரியின் படத்தை ஊரெல்லாம் கொண்டாடினோம். அந்த வீட்டுக்குப் பொறுப்பு ஏற்றது யார்?

இதை மலையாளி, தமிழன் சண்டையாகப் பார்க்கிறவர்கள் 2020 ஜூன் மாதத்துச் சாத்தான்குளத்தை மறந்துவிட வேண்டாம். அங்கே அடித்தவரும் தமிழர், அடிபட்டுச் செத்த தந்தையும் மகனும் தமிழர். லத்திக்குப் பாஷை கிடையாது. அது ஆளின் சட்டையையும் செருப்பையும் பார்த்துத்தான் பேசுகிறது.

போலீஸ்காரரின் பக்கமும் ஒன்று உண்டு. இந்த எழுத்தாளன் ரயில்வே கவுண்டரில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். வெள்ளை வேட்டிப் பிரமுகர் ஒருவர் கம்பிக்கு வெளியே நின்று கத்திவிட்டுப் போனால், உள்ளே இருப்பவனின் எரிச்சல் அடுத்து வரும் கிழவியின் சில்லறைமேல் பாய்வதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அவமானம் தண்ணீரைப் போல. பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். மந்திரி எஸ்.பி.யைத் திட்டினால் எஸ்.பி. இன்ஸ்பெக்டரைத் திட்டுவார், இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை. கான்ஸ்டபிளுக்குக் கிடைப்பது யார்? ராத்திரி வேலை முடிந்து சைக்கிளில் வருகிற நம் பையன்தான். 2018 ஜூனில் திருவனந்தபுரத்தில் ஒரு ஏ.டி.ஜி.பி.யின் மகள் போலீஸ் டிரைவரை அடித்தார் என்ற புகார் எழுந்ததே, அப்போதுதான் மேலதிகாரி வீட்டில் நாய் குளிப்பாட்டுவது வரையில் கீழ்நிலைப் போலீசார் படும் பாடு வெளியே வந்தது. 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு களியக்காவிளை செக்போஸ்டில் காவல் நின்ற தமிழ்நாட்டுச் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதும் நம் கண்முன் நடந்ததே. அந்த வழியாகத்தானே தினமும் நாம் போய் வருகிறோம். தெருவில் நிற்கும் போலீஸ்காரரைக் கட்சிக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசுவது வீரம் அல்ல. அவர் எதிர்த்துப் பேசமுடியாது என்று தெரிந்துதானே ஏசுகிறார்!

எந்தக் கட்சிக்கும் இதில் நாம் நற்சான்று தருவதாக இல்லை. நிலக்கல்லில், "அதிகாரி சட்டத்தைச் சொன்னார்" என்று மார்தட்டியவர்கள், இரண்டு மாதம் கழித்து 2019 ஜனவரியில் சைத்ரா தெரசா ஜான் என்ற பெண் அதிகாரி மெடிக்கல் காலேஜ் போலீஸ் ஸ்டேஷன்மேல் கல்லெறிந்த வழக்கில் ஆளைத் தேடித் திருவனந்தபுரம் மார்க்சிஸ்ட் மாவட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தவுடன் மாற்றிப் பேசினார்கள். அவர் துணைக் கமிஷனர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அங்கே கைதட்டியவர்கள் இங்கே பல்லைக் கடித்தார்கள். அங்கே பல்லைக் கடித்தவர்கள் இங்கே கைதட்டினார்கள்.

அதிகாரியைத் திட்டும் தலைவரை, "நம்ம ஆளு, நாட்டுப்புறப் பேச்சு" என்று ரசிப்பவர்களுக்கு 2017 ஏப்ரலை ஞாபகப்படுத்துகிறோம். அமைச்சராக இருந்த எம். எம். மணி, மூணாறில் ஆக்கிரமிப்பு அகற்றிய அதிகாரிகளை வசைபாடிக்கொண்டே வந்து, அதே பேச்சில் பெம்பிளை ஒருமைப் பெண்களைப் பற்றியும் கேவலமாகப் பேசினார். 2015இல் போனசுக்காகப் பெரிய தொழிற்சங்கங்களையெல்லாம் ஓரமாக நிற்க வைத்துப் போராடிய தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் அவர்கள். அதிகாரியைத் திட்டியவரை சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்த கூட்டம், அடுத்த வாக்கியம் கொழுந்து கிள்ளும் நம் சகோதரிகள்மேல் விழுந்ததும் என்ன செய்யும்? அடக்கமில்லாத வாய்க்கு எஸ்.பி. என்றும் கூலிக்காரி என்றும் பேதம் தெரியாது.

மரியாதைக்கும் பொறுப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டுமானால் நம் முன்னோர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கோரி எழுந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டார்கள். தமிழர்களின் ரத்தம் சிந்தியது. திருவிதாங்கூர்–கொச்சியில் அப்போது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர். அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட ஆட்சி விலக வேண்டும் என்று தம் சொந்தக் கட்சி முதலமைச்சரிடமே கேட்டார். பட்டம் விலகவில்லை, கட்சிக்குள் பிளவுதான் வளர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகம் போயின. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. லோகியா எந்தப் போலீஸ்காரரையும் ஏசவில்லை. துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கும் நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். அவரைத் தூக்கிக் கொண்டாடிக் கடையடைத்தவர் யாரும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி நம் காரியம். கேரளத்தில் நம்மை இப்போது "அதிதித் தொழிலாளி", அதாவது விருந்தாளி என்று சர்க்கார் காகிதத்தில் எழுதுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் அந்த விருந்தாளிக்குக் கிடைக்கும் பெயர் "எடா பாண்டி". 2021 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட், போலீசார் பொதுமக்களை "எடா", "எடி", "நீ" என்று அழைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது, டி.ஜி.பி.யும் சுற்றறிக்கை விட்டார். 2024 ஜனவரியில் ஆலத்தூர் ஸ்டேஷனில் ஒரு வக்கீலிடமே எஸ்.ஐ. மரியாதை கெட்டுப் பேசிய விவகாரம் அதே கோர்ட்டுக்கு வந்தது. வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் சாக்குமூட்டை தூக்குகிறவனுக்கு?

ஆனால் காகிதத்தில் இருப்பதைக் கேட்காமல் விட்டால் அது காகிதமாகவே கிடக்கும். 2011ஆம் வருஷத்துக் கேரளப் போலீஸ் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கடமையில் இருக்கும் போலீசார் பொதுமக்களிடம் பண்போடும் கண்ணியமான வார்த்தைகளிலும் பேச வேண்டும் என்கிறது. அதே சட்டப்படி, டி.எஸ்.பி. வரையிலான போலீசார் மீது புகார் சொல்ல மாவட்டம்தோறும் போலீஸ் புகார் ஆணையம் உண்டு, எஸ்.பி.யும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பற்றி மாநில ஆணையத்திடம் போகலாம். மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. டி.ஜி.பி. ஒரு துறைத் தலைவர்தான்.

ஸ்டேஷனிலோ செக்போஸ்டிலோ யாராவது உங்களை மரியாதை கெட்டுப் பேசினால் அங்கேயே சண்டைக்கு நிற்காதீர்கள். பிறகு கேஸ் உங்கள்மேல் திரும்பிவிடும். தேதி, நேரம், இடம், சட்டையில் குத்தியிருக்கும் பெயர், பக்கத்தில் நின்றவர் யார், இவற்றை அன்றிரவே பிள்ளைகளைக்கொண்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்டேஷனில் கொடுத்த எந்தப் புகாருக்கும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்; தபால் செலவும் சங்கத்துடையது.