வெடித்த கவரை வீசிவிட வேண்டாம்

பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் எமது வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. "இந்தப் பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதிதொன்று எடுத்தால் என்ன?" என்பதே அப்பேச்சு. இயந்திரத்தில் குறையில்லை. பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் முன் மட்காட் வெடித்திருக்கிறது. பக்கக் கவரின் கொழுக்கி உடைந்து, கயிற்றால் கட்டியிருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது. அதில் ஏறிப் பட்டணம் போக மகனுக்கு வெட்கம். விற்கப் போனால் தரகர் அந்த வெடிப்பைக் காட்டியே விலையைக் குறைக்கிறார். முடிவில் நெல் விற்ற காசு முற்பணமாகப் போகிறது. மீதி லீசிங். அடுத்த போகத்தை வெள்ளம் கொண்டுபோனால் தவணை தவறுகிறது. பின்னர் வண்டியும் போய்விடுகிறது.

ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் வெடிப்பு ஒரு குடும்பத்தைக் கடனுக்குள் தள்ளுவதை நாம் அனுமதிக்கலாமா? அனுமதிக்கக் கூடாது என்பதே எமது கருத்து. அந்த வெடிப்பை வீட்டு முற்றத்திலேயே ஒட்டி, தேய்த்து, பெயின்ற் அடிக்க முடியும். அதற்கு வேண்டியது கொஞ்சம் அறிவும் நிறையப் பொறுமையுமே.

இது ஆடம்பரமா?

"சாப்பாட்டுக்கே வழியில்லாதவனுக்குப் பெயின்ற் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் மோட்டார் சைக்கிள் எமக்கு எதுவென்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். படுவான்கரையில் அதுதான் வட்டைக்குப் பசளை கொண்டுபோகும் வண்டி. பட்டியிலிருந்து பால் கொண்டுவருவதும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாவியைக் கடக்கப் பாதையில் அதை ஏற்றிக்கொண்டு காத்து நின்றவர்கள் நாம்.

1990இலும், 2004 சுனாமியிலும், 2006-2007 போரிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் உழவு இயந்திரத்தையும் மாடுகளையும் விட்டு வந்தன. திரும்பி வந்த பின்னர் பல குடும்பங்கள் முதலில் தேடிக்கொண்ட பெரிய பொருள் மோட்டார் சைக்கிளே. பலருக்கு இன்று கையிலிருக்கும் ஒரே சொத்தும் அதுதான். சொத்தைப் பேணுவது ஆடம்பரமாகாது.

மேலும் கவர் வெறும் அழகுக்கு உரியதன்று. மட்காட் கிரவல் றோட்டின் கல்லையும் சேற்றையும் தடுக்கிறது. பக்கக் கவர் பற்றறியையும் வயர்களையும் மழையிலிருந்து காக்கிறது. கழன்று தொங்கும் மட்காட் சில்லில் சிக்கினால் ஆளையே வீழ்த்திவிடும்.

முன்னர் பட்ட பாடம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2021 முடிவில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், 2022 மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. புதிய வண்டியின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் எமது கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய வண்டியைப் பேணத் தெரிந்தவர்களே தடையின்றி ஓடினார்கள்.

அதற்கு முன்னரும் இப்படி நடந்ததுண்டு. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் கற்ற கைவேலையைக் கடை திறந்ததும் மறந்துவிடுவது எமது குறை. அடுத்த தட்டுப்பாடு எப்போது வருமென்று யார் அறிவார்?

பிளாஸ்ரிக்கின் சாதி அறிவோம்

நாங்கள் முதன்முதலில் ஒரு மட்காட்டை சுப்பர் குளூவால் ஒட்டினோம். கல்லுப்போல் இறுகியது. கிரவல் றோட்டில் இரண்டு நாள் ஓடியதும் அதே இடத்தில் மீண்டும் வெடித்தது. அந்தப் பசை இறுகிய பின் வளையாது. அதிர்வைத் தாங்காது. அத்துடன் நாங்கள் ஒட்டியது என்ன பிளாஸ்ரிக் என்று பார்க்கவும் இல்லை.

கவரின் உட்பக்கத்தைப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் ஏ.பி.எஸ். என்றோ, பி.பி. என்றோ, பி.ஈ. என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். பெயின்ற் பூசிய பளபளப்பான கவர்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். வகை. வளைந்து கொடுக்கும் கறுத்த மட்காட்கள் பெரும்பாலும் பி.பி. வகை. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சுப்பர் கப் வண்டியின் கால்மறைப்பு பி.ஈ. வகையைச் சேர்ந்தது.

எழுத்து அழிந்திருந்தால் உட்பக்கத்திலிருந்து ஒரு சிறு துண்டைச் சீவிக் கிணற்று நீரில் போடுங்கள். பெயின்ற் ஒட்டாத துண்டாக இருக்க வேண்டும். பி.பி.யும் பி.ஈ.யும் மிதக்கும். ஏ.பி.எஸ். தாழும். செலவில்லாத சோதனை இது.

ஒட்டும் வழி

எந்த வகையாயினும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். வெடிப்பு முடியும் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை போடுங்கள். வெடிப்பு மேலும் ஓடாமல் அங்கேயே நின்றுவிடும்.

ஏ.பி.எஸ். அசற்றோனில் கரையும். உடைந்த பழைய ஏ.பி.எஸ். கவரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிப் போத்தலில் இட்டு, அசற்றோன் ஊற்றி ஓரிரவு மூடிவைத்தால் கூழ்போல் ஆகும். யோகட் கோப்பையில் கலக்க வேண்டாம், கோப்பையே கரைந்துவிடும். வெடித்த ஓரங்களைச் சேர்த்துக் கட்டி, உட்பக்கத்தில் இந்தக் கூழை மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். ஒரு படை காய்ந்த பின்பே அடுத்தது. இரண்டு நாள் காயவிட்டால் ஒட்டிய இடமும் கவரும் ஒரே பொருளாகிவிடும். ஆகவே உடைந்த கவரைக் குப்பையோடு எரிக்காதீர்கள். அதன் புகை நஞ்சு. அதன் துண்டோ நாளைய மருந்து.

பி.பி.யும் பி.ஈ.யும் அசற்றோனில் கரையாது. சாதாரண பசையும் பிடிக்காது. அவற்றுக்கு வேண்டியது சூடு. ரேடியோ திருத்துபவர்கள் ஈயம் பற்றவைக்கும் அயனால் வெடிப்பின் இரு ஓரங்களையும் உருக்கிச் சேர்த்து, அதே வகைப் பிளாஸ்ரிக் கீற்றை உருக்கி நிரப்ப வேண்டும். பழைய தேயிலை வடியின் உருக்கு வலையில் ஒரு துண்டை வெட்டி உட்பக்கத்தில் சூட்டோடு அமிழ்த்தினால் பிடி இன்னும் உறுதியாகும். கறுத்த மட்காட்டுக்குப் பெயின்ற் வேண்டியதில்லை. பிளாஸ்ரிக்குக்கான பிரைமர் இல்லாமல் அடித்தால் தோல்போல உரிந்துவிடும். ஒட்டினாலே போதும்.

பெயின்ற்றுக்கு நாள் பார்ப்போம்

ஒரு மார்கழி மாதம், மழை ஓய்ந்த இடைவெளியில் நாங்கள் ஒரு கவருக்குப் பெயின்ற் அடித்தோம். சிறிது நேரத்தில் சாம்பல் பூத்ததுபோல வெளுத்துப்போனது. பெயின்ற்றில் உள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெளுப்புக்குக் காரணம் அதுவே. மாரியில் இந்த வேலை வேண்டாம். கச்சான் காற்று வீசும் நாட்களிலோ புழுதி ஒட்டும். பெரும்போக அறுவடை முடிந்து, காற்று அடங்கியிருக்கும் நாட்களின் காலை வேளை நல்லது. புதிய வண்டி பற்றிய பேச்சு எழுவதும் அதே காலத்தில்தான் என்பதை நினைவில் வைப்போம்.

ஒட்டிய இடத்தை முதலில் 180ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மட்டப்படுத்தி, பின்னர் 400, 600 என்று நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். வாவித் தண்ணீர் கூடாது, உப்புப் படியும். கழுவிக் காய்ந்ததும் பிரைமர் இரண்டு மெல்லிய படை, மீண்டும் 600ஆல் ஒரு தேய்ப்பு, பின்னர் நிறம் மூன்று மெல்லிய படை, இறுதியில் கிளியர் இரண்டு படை. ஸ்பிரே டின்னை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் வழிந்துவிடும். ஒவ்வொரு படைக்கும் இடையே 10 அல்லது 15 நிமிடம் பொறுங்கள். வேலை முடிந்து ஒரு வாரம் பெற்றோல் சிந்தாமலும் துணி போட்டுத் தேய்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள நிறத்தையே அடிப்பது நல்லது. நிறத்தை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும்.

செய்யக் கூடாதவை

காசு மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அசற்றோனும் தின்னரும் பொறி பட்டாலே தீப்பிடிக்கும். அடுப்படியிலிருந்து தூரமாக, மரநிழலில், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் அண்டவிடாதீர்கள். மிச்சத் தின்னரைக் கிணற்றடியிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம்.

தனியாக ஹாட்னர் கலந்து அடிக்கும் பெயின்ற் கராஜில் கண்ணாடிபோல் மின்னும். அதன் ஆவி நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. மூக்கில் கட்டிய துணி அதைத் தடுக்காது. அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

தலைக்கவசம் வெடித்தால் ஒட்டக் கூடாது. அதற்குத் தின்னர் பூசுவதும் கூடாது, அதன் ஓடு பலமிழந்துவிடும். பிரேக், சில்லு, முன் போக், சேசி ஆகியவற்றில் குறை கண்டால் மெக்கானிக்கிடம் போவதே முறை. அவருடைய தொழிலைப் பறிக்க நாம் சொல்லவில்லை. வண்டியை விற்கும்போது ஒட்டிய இடத்தை வாங்குபவருக்குக் காட்டுங்கள். பெயின்ற் பொய்க்குத் திரை ஆகக் கூடாது.

கூடிச் செய்வோம்

ஈயம் பற்றவைக்கும் அயன் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையில்லை. ஒரு கமக்காரர் அமைப்புக்கு ஒன்று போதும். சாண்ட் பேப்பரையும் பிரைமரையும் அசற்றோனையும் சேர்ந்து வாங்கினால் ஒரு குடும்பத்தின் பங்கு சிறிதாகும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொது மரத்தடியில் கூடி, நான்கு வண்டிகளைத் திருத்தினால் நாற்பது பேர் பார்த்துப் பழகலாம். பெண்களும் வரவேண்டும். வீட்டின் தவணைக் கணக்கைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. நுண்கடனால் எமது கிராமங்கள் பட்ட பாட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

வாழ்வாதார உதவி என்று ஆடும் கோழியும் தையல் இயந்திரமும் தருகின்ற நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். கிராமத்துக்கு ஒரு திருத்து மேசையும் சில கருவிகளும் தாருங்கள். இருப்பதைப் பேணத் தெரிந்த குடும்பத்துக்குக் கொடுத்த உதவி நீண்ட காலம் நிற்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது கவர் அழகாக வராது. எங்களுடையதும் வரவில்லை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை அயலவர் வந்து தொட்டுப் பார்ப்பார்.

பலமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நாம். எரிந்த வீட்டைக் கட்டினோம், காடு பற்றிய வயலைத் திருத்தினோம். ஒரு மட்காட்டுக்காகக் கடன்காரராக வேண்டியதில்லை. இம்முறை நெல் விற்ற காசை எண்ணும்போது, புதிய வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன், பழைய வண்டியின் கவரைக் கழற்றி அதன் உட்பக்க எழுத்தை ஒரு தடவை பார்ப்போம்.