பட்டியலில் இல்லாத ஆறு

"அர்ச்சுனா நதி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசடைந்த ஆறுகள் பட்டியலில் இல்லை; ஆகவே சுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள். அந்தப் பட்டியல் அப்படிச் சொல்லவே இல்லை.

2022 அறிக்கையில் நாடு முழுக்க 311 ஆற்றுப்பகுதிகள். தமிழ்நாட்டில் காவிரி, தாமிரபரணி, பாலாறு, கூவம் உட்பட 10 ஆறுகள். கண்காணிப்பு நிலையம் உள்ள இடத்தில் தண்ணீர் எடுத்து, புட்டியை 27 டிகிரியில் மூன்று நாள் மூடிவைத்து, கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று பார்க்கிறார்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் பெயர் ஏறும். இந்தச் சோதனை சாக்கடை கலந்ததைக் காட்டும்; உப்பையும் உலோகத்தையும் காட்டாது.

பிளவக்கல் அணைகளுக்குக் கீழே நம் ஆறு பல மாதம் வெறும் மணல். ஓடாத ஆற்றில் எதை மொண்டு அளப்பது? மணலுக்கு அடியில் ஊறுவதைத்தானே கிணற்றில் இறைக்கிறோம்!

அப்போதைய பட்டியலில் பெயர் ஏறிய ஆறுகளுக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2018 உத்தரவால் செயல்திட்டமும் காலக்கெடுவும் கிடைத்தன. ஏறாத ஆற்றைக் கேட்க நாதியில்லை. எனவே வத்திராயிருப்பு முதல் இருக்கன்குடி வரை, வெள்ளம் ஓடும்போது ஆற்றையும் கோடையில் கரையோரக் கிணறுகளையும் சோதியுங்கள். முடிவைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு சுத்தம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.