மச்சில் வௌவால், மனசில் நிபா

வட்டி, வீட்டுக்கடன்னு நான் ஏதாவது எழுதுவேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு வௌவால் கதை. சிரிக்காதீங்க, இந்த வௌவாலால எங்க வீட்ல அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை மூணு வாரம் நின்னு போச்சு.

எங்க ஊர் பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனா தெருவுல பேசுறது தமிழ், சந்தைக்குப் போறது பொள்ளாச்சி. தாத்தா கட்டின ஓட்டு வீடு, மேல மரப்பலகை மச்சு. அப்பா போனப்புறம் அம்மா மட்டும்தான் அங்க. தம்பி கோயமுத்தூர்ல, நான் இங்கிலாந்துல. மச்சுக்கு ஏறி பத்து வருஷம் ஆயிருக்கும்.

2025 ஏப்ரல்ல அம்மா போன்ல சொன்னாங்க: "ஏங்கண்ணு, மேல என்னமோ குடியிருக்குது. காத்தால பார்த்தா தரையில தவளைக் கால் கெடக்குது."

தவளைக் காலா! செய்வினைன்னு பக்கத்து வீட்டுப் பாட்டி முடிவே கட்டிட்டாங்க. தம்பி போய் டார்ச் அடிச்சுப் பார்த்து போட்டோ அனுப்பினான். பெரிய பெரிய காது, வால் கிடையாது, இருபது இருக்கும். சிலதோட வயித்துல குட்டி ஒட்டிக்கிட்டுத் தொங்குது. இது போலி ரத்தக்காட்டேரி வௌவால்னு சொல்ற வகை. பேருதான் பயங்கரம், ரத்தம் குடிக்கிறதெல்லாம் இல்லை. பூச்சி, எலி, பல்லி, தவளை இதெல்லாம் பிடிச்சு வந்து உத்தரத்துல தொங்கிக்கிட்டே தின்னும், மிச்சம் கீழ விழும். பாட்டியோட செய்வினை அவ்வளவுதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் மாரிமுத்து இந்த இனத்தை வச்சே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கார்.

தம்பி யோசனை சிம்பிள். கந்தகம் போட்டுப் புகை, பிறகு பூச்சிமருந்துக்காரன். நான் வேண்டாம்னேன். குட்டி பறக்கிற வரைக்கும் பொறு, புகை போட்டா தாய் பறந்துடும், குட்டி மச்சுலயே செத்து நாறும், பயந்த வௌவால் இடுக்கு வழியா அம்மா படுக்கிற அறைக்குள்ளதான் இறங்கும்னு சொன்னேன். "சரிண்ணா"ன்னான்.

ஜூலைல வந்துச்சு வினை. பாலக்காடு மாவட்டத்துலயே ஒருத்தருக்கு நிபா உறுதின்னு செய்தி. தம்பி பொண்டாட்டி கைக்குழந்தையோட அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்னுட்டாங்க. தம்பி போன்ல கத்தினான்: "நீ லண்டன்ல உக்காந்துக்கிட்டு வௌவாலுக்கு வக்காலத்து வாங்கு. நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா நீயா வந்து பார்ப்ப?"

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுல இருக்கிற எவன்கிட்டயும் பதில் இருக்காது. என்கிட்டயும் இல்லை. ஆனா பயத்துக்குக் கணக்கு இருக்கு, பி.காம் படிச்சவன் அதையாவது பார்க்கணுமில்லையா.

2018 மே மாசம் கோழிக்கோடு பேராம்பிரால முதல் குடும்பத்துல நிபா வந்தப்ப, அவங்க வீட்டுக் கிணத்துக்குள்ள இருந்த வௌவால்களைத்தான் எல்லாரும் முதல்ல கைகாட்டினாங்க. பிடிச்சு போபால் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. அது பூச்சி தின்கிற வகை, வைரஸ் இல்லைன்னு முடிவு வந்துச்சு. பிறகு அதே பகுதியில பழந்தின்னி வௌவால் 52 பிடிச்சுப் பார்த்ததுல 10-ல வைரஸ் இருந்துச்சு. அந்த முறை 17 பேர் இறந்தாங்க, விளையாட்டு இல்லை. ஆனா அந்தப் பெரிய பழந்தின்னி வீட்டு மச்சுல தங்காது. ஆலமரம், புளியமரம்னு திறந்த மரத்துலதான் தொங்கும். அதனால பயப்பட வேண்டியது அது கடிச்சுப் போட்ட மாம்பழத்துக்கு, மூடாத கள்ளுப் பானைக்கு. முதலமடைல மாம்பழ சீசன்ல கீழ விழுந்ததைப் பொறுக்கித் தின்னுதான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தப் பழக்கத்தை விடணும். மச்சுல இருக்கிறதைக் கொளுத்தறதால நிபா குறையாது.

அதுக்காக வீட்டு வௌவால் சாதுன்னும் சொல்லமாட்டேன். வெறுங்கையால தொடக்கூடாது, கடிச்சா அன்னைக்கே ரேபிஸ் ஊசிக்கு ஓடணும். காஞ்ச எச்சத்தைச் சும்மா பெருக்கினா தூசி நுரையீரலுக்குப் போகும். தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டு, ஈரமா வழிச்சு எடுக்கணும்.

இங்க இங்கிலாந்துல சட்டமே வேற. 1981 சட்டப்படி வௌவாலை மட்டுமில்லை, அது தங்குற இடத்தையும் தொடக்கூடாது, அது அங்க இல்லாத நேரத்துல கூட. என்கூட வேலை பார்க்கிறவர் வீட்டு மேல்தளத்தை அறையாக்க ஒரு வருஷம் காத்திருந்தார். புலம்பித் தள்ளினார். ஆனா ஒண்ணு, அவர் போன் பண்ணினதும் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருத்தர் காசு வாங்காம வந்து, எந்த இனம், எப்ப வேலை செய்யலாம்னு சொல்லிட்டுப் போனார்.

நம்ம ஊர்ல? 1972 வனவிலங்குச் சட்டத்துல பழந்தின்னி வௌவாலை எலி, காக்காயோட சேர்த்து 'தீங்குயிரி' பட்டியல்ல போட்டிருந்தாங்க. இடுக்கி எல்லையை ஒட்டின மேகமலைல 1948-ல ஹட்டன்னு ஒருத்தர் பிடிச்ச ஒரு வௌவால், வேற இனத்தோட பேர்ல பம்பாய் அருங்காட்சியகத்துல கிடந்து, 1972-லதான் புது இனம்னு தெரிஞ்சு சலீம் அலி பேர் வச்சாங்க. அதுக்கு மட்டும் பின்னால விதிவிலக்கா உச்சப் பாதுகாப்பு கொடுத்தாங்க. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்து, அந்தத் தீங்குயிரிப் பட்டியலே போச்சு. நல்லது. ஆனா சட்டம் மாறின விஷயம் கொழிஞ்சாம்பாறைல தனியா இருக்கிற எழுபது வயசு அம்மாவுக்கு என்ன பிரயோஜனம்? தம்பி ஒரு அலுவலகத்துக்குப் போன் பண்ணினான். "பாம்புன்னா சொல்லுங்க, வௌவாலுக்கெல்லாம் ஆள் இல்லை"ன்னாங்களாம்.

எனக்கு உறுத்துறது இதுதான். பாம்புக்குக் கேரள வனத்துறை 'சர்ப்பா' செயலி வச்சிருக்கு, பயிற்சி பெற்ற ஆள் வீட்டுக்கே வந்து பிடிச்சுட்டுப் போறார். ஜனங்க பாம்பை அடிக்கிறதுக்கு முன்னாடி போனை எடுக்கிறாங்க. அதே ஆட்களுக்கு வௌவாலையும் கொஞ்சம் சொல்லிக் கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்? தொடாதேன்னு மட்டும் சொல்லிட்டு ஆளை அனுப்பாத சட்டம், அடமானம் இல்லாம கொடுத்த கடன் மாதிரி. ஏட்டுல இருக்கும், வசூல் ஆகாது :-)

கடைசியில நாங்களே செஞ்சோம். ஆகஸ்ட் கடைசியில நான் லீவு போட்டு வந்தேன். தம்பியும் வந்தான், முகத்தைத் தூக்கிக்கிட்டேதான். மூணு நாள் சாயங்காலம் முற்றத்துல நாற்காலி போட்டு எந்த ஓட்டுச் சந்து வழியா வெளிய வருதுன்னு பார்த்தோம். ரெண்டு இடம். குட்டி தொங்கிட்டிருந்த எதுவும் இல்லை, எல்லாம் பறக்குது. அந்தச் சந்துகளுக்கு மேல்பக்கமா வலையை ஆணியடிச்சு, கீழ்ப்பக்கம் தொங்க விட்டோம். வெளிய வர வழி கிடைக்கும், திரும்பி ஏற முடியாது. ஒரு வாரம் விட்டு, மச்சுல டார்ச் அடிச்சு ஒண்ணுமில்லைன்னு பார்த்தப்புறம்தான் ஆசாரியைக் கூப்பிட்டுச் சந்தை அடைச்சோம். செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பூச்சிமருந்துக்காரன் கேட்டது இதைப் போல நாலு மடங்கு.

தோட்டத்துப் பழைய மோட்டார் ரூமைப் பூட்டாம விட்டோம். அங்க ஏழெட்டு தொங்குதுன்னு அம்மா சொல்றாங்க. தம்பி பொண்டாட்டி தீபாவளிக்குக் குழந்தையோட வந்தாங்க, ராத்திரி தங்கலை. அம்மா மட்டும் போன வாரம் போன்ல, "மேல சத்தமே இல்லாம ஒரு மாதிரி இருக்குது கண்ணு"ன்னாங்க. நான் அடுத்த லீவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்.